நாலு போல்ட், ஒரு காபி

அத்தியாயம் ஐந்து

கடந்த நான்கு அத்தியாயங்களில் நானும் சிக்னேயும் கண்டுபிடித்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்றுமில்லை. அதனால் இந்தப் பக்கத்தில் புதிதாக நுழைகிறவர்கள் எதையும் தவறவிட்டதாக வருத்தப்பட வேண்டாம். பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து உட்காரலாம்.

என் பெயர் ஹில்டிங். முன்பு பஸ் டிரைவர். ஏற ஆளில்லை என்று என் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். கடைசி ஒரு வருடம் அதில் நான் மட்டும்தான் போய் வந்துகொண்டிருந்தேன், நானும் டிக்கெட் எடுக்கவில்லை. இப்போது சிக்னே புர்ஸ்ட்ரோம் நடத்தும் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளன். அலுவலகம் என்றால், மூடிப்போன வங்கிக் கிளையின் முன்னறை. பெட்டக அறையில் உருளைக்கிழங்கு வைத்திருக்கிறோம். சிக்னே இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துகளைப் பார்வையிட்டவள். எரிந்த வீட்டுக்குள் நுழைந்தால், பொய் சொல்வது அடுப்பா வீட்டுக்காரரா என்று சொல்லிவிடுவாள். நான் எரிந்த வீட்டுக்குள் நுழைந்தால், வீடு எரிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

வழக்கு இதுதான். எங்கள் ஊர் ஹுண்ட்செலேயில் ஸ்கூட்டர் என்றால் பனி ஸ்கூட்டர். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் அகலமான ரப்பர் பெல்ட். அந்த பெல்ட்டுக்குள் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், கம்பிகள் என்று ஒரு கூடு உட்கார்ந்திருக்கும். அதுதான் பின் சஸ்பென்ஷன். ஆள் கனத்தையெல்லாம் தாங்குகிற அந்தக் கூட்டை வண்டியோடு பிடித்து வைத்திருப்பது நாலே நாலு போல்ட், பக்கத்துக்கு இரண்டு. போன செவ்வாய்க்கிழமை மீட்புக் குழுவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அந்தக் குழுவில் இருக்கும் துரே உறைந்த ஏரியின் மேல் பயிற்சிக்குப் போனான். நடு ஏரியில் பின் போல்ட் இரண்டும் கழன்று விழ, வண்டி பெல்ட்டின் மேலேயே உட்கார்ந்து, பெல்ட் இறுகி நின்றுவிட்டது. வண்டி நின்றது, துரே நிற்கவில்லை. தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

அந்த சஸ்பென்ஷனை அதற்கு முந்தைய வியாழக்கிழமை கழற்றிப் புதுச் சாமான் போட்டு மாட்டியவள் மெக்கானிக் மாரித். போல்ட்டை முடுக்க மறந்துவிட்டாள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. இன்று மாலை ஆறு மணிக்கு ஸ்கூட்டர் சங்கத்தின் கூட்டம். அதில் மீட்பு வண்டிகளின் வேலையை அவளிடமிருந்து எடுத்துவிடப் போகிறார்கள். அந்த வேலை போனால் பட்டறையை மூடிவிட்டு அவள் கடற்கரைப் பக்கம் அக்கா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் என்று சொல்லி எங்களை அமர்த்தியவர் சங்கத் தலைவர் வெர்னர். எங்களைப் போய் ஒருவர் அமர்த்துகிறாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

காலையில் மாரித்தின் பட்டறைக்குப் போனோம். அவள் சூடாகக் கருந்திராட்சை ரசம் ஊற்றித் தந்தாள். இந்த ஊரில் காபி குடிக்காத ஒரே ஆள் அவள்தான். வயிறு ஒத்துக்கொள்ளாதாம். காபி குடிக்காதவளை நம்பி வண்டியை விட்டால் இப்படித்தான் ஆகும் என்று ஊரே பேசிக்கொண்டது. நானும் பேசினேன். அவள் தந்த ரசத்தைக் குடித்துக்கொண்டே அதை நினைத்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது, கொஞ்சம் புளிப்பாகவும் இருந்தது.

அவள் மேல் சந்தேகம் விழ இன்னொரு காரணம், தலைநகரத்து இன்ஷூரன்ஸ்காரர். அவர் போனில் அவளிடம், நாலு போல்ட்டையும் முடுக்கினீர்களா என்று மூன்று தடவை கேட்டாராம். மெக்கானிக் பதில் சொல்ல மறுத்துவிட்டார் என்று சங்கத்துக்குத் தகவல் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் ஆமாம் என்பதற்கு வாயைத் திறக்க மாட்டோம். உதட்டைக் குவித்து, ஷுப் என்று மூச்சை உள்ளே இழுப்போம், அவ்வளவுதான். குளிரில் வாயைத் திறப்பானேன் என்ற சிக்கனம். மாரித் மூன்று தடவையும் ஷுப் என்றிருக்கிறாள். போன் அதை எடுத்துக்கொண்டு போகவில்லை.

"அப்ப நீ முடுக்கினது நிச்சயம்தானே?" என்று சிக்னே கேட்டாள்.

மாரித் கையைத் துடைத்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முடுக்கினதாத்தான் ஞாபகம். ஆனா மறந்தவங்களுக்கும் அப்படித்தானே ஞாபகம் இருக்கும்? அன்னைலேர்ந்து படுத்தா அந்த நாலு போல்ட்தான் கண்ணு முன்னாடி வருது. காண்ட்ராக்ட் போனா போகட்டும் சிக்னே. துரே கால் உடைஞ்சது என் கையாலயா, இல்லையா? அத மட்டும் சொல்லிருங்க."

ரசத்தில் மிச்சமிருந்ததைக் குடித்தேன்.

வேலையை எப்படிச் செய்வாய் என்று சிக்னே கேட்க, அவள் நின்ற இடத்திலேயே கையால் காட்டினாள். பட்டறையில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, வண்டியை எப்போதும் இடப்பக்கமாகத்தான் சாய்ப்பாள். இந்த மாடலை வலப்பக்கம் சாய்த்தால் ஆயில் மூடியிலிருந்து ஒழுகுமாம். மாட்டும்போது நாலு போல்ட்டும் உள்ளே போகும்வரை ஒன்றையும் இறுக்கக் கூடாது. எல்லாவற்றையும் கையால் திருகி விட வேண்டும். கை டைட். முதல் போல்ட்டை ஆசையாக இறுக்கிவிட்டால் நாலாவது ஓட்டை ஜென்மத்துக்கும் நேருக்கு வராது. நாலும் உள்ளே போன பிறகுதான் ஸ்பேனர். நான் தலையைத் தலையை ஆட்டினேன். எனக்குப் புரிந்தது கை டைட் மட்டும்தான்.

அங்கிருந்து சங்கத்தின் கொட்டகைக்குப் போய், விபத்தான வண்டியை ஐந்தாவது தடவையாகப் பார்த்தோம். நான்கு தடவை இடப்பக்கம் குனிந்து பார்த்த சிக்னே இந்த முறை வலப்பக்கம் போனாள். கால் வைக்கிற பலகையின் விளிம்பில், ஒரு திருகாணித் தலையில், சிவப்பும் மஞ்சளுமாக முறுக்கிய ஒரு நூல் சிக்கியிருந்தது. பக்கத்தில் ஆயில் வழிந்து காய்ந்த ஒரு கோடு.

"இடப்பக்கம் சாய்க்கறவ வண்டி வலப்பக்கம் ஏன் ஒழுகியிருக்கு?" என்றாள்.

கடைசியில் நூல் பிடித்தாற்போல ஒரு வழி கிடைத்துவிட்டது என்றேன் நான். சிக்னே சிரிக்கவில்லை. நூலை வைக்க டப்பா கேட்டாள். என்னிடம் இருந்தது உதட்டுக்கடியில் அதக்கும் புகையிலையின் காலி டப்பா. அதில் போட்டு என் சட்டைப் பையிலேயே வைத்தாள். கொட்டகையை விட்டு வெளியே வந்ததும், பழக்க தோஷம், டப்பாவைத் திறந்து உள்ளே இருந்ததை எடுத்து உதட்டுக்கடியில் வைத்துக்கொண்டேன். ருசி வேறு மாதிரி இருந்தது. சிக்னே திரும்பிப் பார்த்தாள். உலகத் துப்பறியும் வரலாற்றில் துப்பைத் துப்பிய முதல் ஆள் நான்தான்.

நூலைத் துடைத்து மறுபடி டப்பாவில் போட்டு, இந்தத் தடவை தன் பையில் வைத்துக்கொண்டாள். மாரித்துக்குப் பிறகு யாரோ இந்த சஸ்பென்ஷனைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்பது அவள் எண்ணம். ஆனால் ஒரு நூலையும் ஆயில் கறையையும் வைத்துச் சங்கத்தில் வாதாட முடியாது. அது எப்படிக் கழன்று விழும் அளவுக்குப் போகிறது என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு நாமே ஒன்றைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிடலாம் என்றாள். நாமே என்று அவள் சொன்னால் அதில் ஒருமை பன்மையெல்லாம் கிடையாது. நான்தான்.

அதே மாடல், அதே வருடத்து வண்டி ஊரில் இன்னொன்று வெர்னரிடம் இருந்தது. சங்கத்துக்கு வாங்கியபோதே தனக்கும் ஒன்று வாங்கியிருந்தார். போய்க் கேட்டோம். வெர்னர் தாடையைத் தடவினார். வண்டி ஏற்கெனவே பழசு, கராஜில் இடமில்லை, இன்று கூட்டம் வேறு இருக்கிறது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். அவர் மனைவி ஐனா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, பாவம், ஆசையாகக் கேட்கிறார்கள், பார்த்துவிட்டுப் போகட்டுமே என்றாள். வெர்னர் என்னை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தார். என் முகத்தில் எதைக் கண்டாரோ, நிம்மதியாகச் சாவியைத் தந்துவிட்டுக் கூட்டத்துக்கு நாற்காலி போடக் கிளம்பிவிட்டார்.

கராஜில் இடப்பக்கச் சுவர் நெடுக விறகு அடுக்கியிருந்தது. சிக்னே ஒரு மரக்கட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு, ஆரம்பி என்றாள்.

முதலில் பெல்ட்டின் இழுப்பைத் தளர்த்த வேண்டும். பின் அச்சில் இரண்டு திருகாணிகள், அதைச் செய்துவிட்டேன். அடுத்து போல்ட். இடப்பக்கத்து முதல் போல்ட்டை முழுசாகக் கழற்றி எடுத்து சிக்னேயிடம் காட்டினேன், தங்கப் பதக்கம் வாங்கினவன் மாதிரி. வலப்பக்கம் போய் அதன் ஜோடியைத் திருகினேன். அது சுற்றியது. நானும் சுற்றினேன். அது வெளியே வருவதாக இல்லை, நானும் விடுவதாக இல்லை. ரொம்ப நேரம் கழித்து சிக்னே, இரண்டு போல்ட்டும் ஒரே தண்டின் இரண்டு முனையில்தானே இருக்கிறது, ஒன்றை எடுத்துவிட்டால் தண்டு சேர்ந்து சுற்றாதா என்றாள். இரண்டு பக்கத்தையும் முதலில் கொஞ்சம் அசைத்துக்கொண்டு பிறகு எடுக்க வேண்டுமாம். தெரிந்திருந்தால் முதலிலேயே சொல்வதற்கென்ன என்று கேட்டேன். வேடிக்கை பார்க்க நன்றாக இருந்தது என்றாள்.

எடுத்த போல்ட்டைத் திரும்பப் போட்டு, ஒழுங்காக அசைத்து, நாலையும் எடுத்தோம். வண்டியைச் சாய்க்க வேண்டும். இடப்பக்கம் விறகு. வலப்பக்கம்தான் இடம். கீழே போட ஏதாவது வேண்டுமே என்று பார்த்தால், விறகுக் குவியலின் மேல் பழைய கந்தல் நெசவு விரிப்பு ஒன்று கிடந்தது. உதறிப் போட்டேன். ஒரே தூசி. அதன் மேல் வண்டியைச் சாய்த்து, பெல்ட்டை ஒரு கையால் விரித்துப் பிடித்து, தலையணை உறையிலிருந்து தலையணையை உருவுகிற மாதிரி சஸ்பென்ஷனை வெளியே இழுத்தேன். தலையணையாவது சொன்னபடி கேட்கும். இது வெளியே வந்து என் கால் மேல் உட்கார்ந்தது.

பெல்ட் வழுக்கி ஓடுவதற்காக அதன் அடியில் நீளமாக இரண்டு பிளாஸ்டிக் பட்டிகள் இருக்கும். வெர்னரின் பட்டிகள் தேய்ந்து தேய்ந்து கம்பி பல்லிளித்தது. ஐயோ பாவம், இந்த வண்டியை வைத்துக்கொண்டு மனுஷன் பலசரக்குக் கடையைக் கூடத் தாண்ட முடியாதே என்றேன். சிக்னே எழுந்து வந்து அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி மரக்கட்டையில் போய் உட்கார்ந்தாள்.

மாட்டுவது அதைவிடக் கூத்து. ஸ்பிரிங் விறைத்துக்கொண்டு நிற்கும், அப்படியே பெல்ட்டுக்குள் போகாது. லாரியில் சரக்குக் கட்டும் நாடாவைப் போட்டு இறுக்கி, கூட்டைக் குறுக்கி, முன்பக்கத்தை முதலில் உள்ளே நுழைக்க வேண்டும். நுழைத்தேன். முன் ஓட்டை நேருக்கு வந்தபோது கையில் போல்ட் இல்லை. போல்ட்டை எடுத்து வந்தபோது ஓட்டை நேரில் இல்லை. விரிப்பின் மேல் மண்டியிட்டு, தோளால் முட்டி, எனக்குத் தெரிந்த சாபம் அத்தனையும் செலவழித்து, முதல் போல்ட்டைக் கையால் திருகினேன். இரண்டாவதும் போனது. பின் போல்ட்டுக்கு சிக்னேயே எழுந்து வந்து ஸ்க்ரூ டிரைவரை ஓட்டையில் விட்டு நெம்பினாள். மூன்று. நாலு. நாலும் கை டைட். என் ஆயுளில் நான் எதையும் இவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை. நிமிர்ந்து ஸ்பேனரை எட்டி எடுத்தேன்.

சமையலறை ஜன்னல் திறந்தது.

"காபி," என்றாள் ஐனா.

ஒரே சொல்தான். நாங்கள் போனோம். மற்ற ஊர்களில் காபிக்குக் கூப்பிட்டால் என்ன செய்வார்களோ தெரியாது, எங்கள் ஊரில் மரம் வெட்டுகிறவன் பாதி வெட்டிய மரத்தை நிற்கச் சொல்லிவிட்டுப் போவான். ஐனா கோப்பையில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டு அதன்மேல் காபியை ஊற்றினாள். துண்டுகள் ஊறி மெத்தென்று ஆனதும் கரண்டியால் எடுத்துத் தின்றோம். வெர்னரின் மச்சான் புது ஸ்கூட்டர் வாங்கியதையும், போன வார இறுதியில் மலைக் குடிலுக்கு இரண்டு பேரும் பந்தயம் வைத்துப் போனதையும், வெர்னர் தன் பழைய வண்டியிலேயே அவரைத் தோற்கடித்ததையும் ஐனா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிக்னே இரண்டாவது கோப்பை கேட்டாள். நான் மூன்றாவது.

திரும்பி வந்து வண்டியை நிமிர்த்தினோம். பெல்ட்டின் இழுப்பைச் சரிசெய்தேன், ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன், கையைத் தட்டிக்கொண்டேன். ஒரு சுற்று ஓட்டிக் காட்டுகிறேன் என்று சிக்னே சொல்லச் சொல்லக் கேட்காமல் ஏறி உட்கார்ந்தேன். ஏரிக்கரை வரை மெதுவாகப் போய்த் திரும்பினேன். நான் மாட்டிய சஸ்பென்ஷன் மெத்தை மாதிரி ஆடியது. எதிரே வந்தவர்களுக்கெல்லாம் கை காட்டினேன். பஸ் டிரைவராக இருந்து இத்தனை வருடத்தை வீணாக்கிவிட்டோமே என்று கூட நினைத்தேன். வெர்னர் வீட்டு வாசல் மேட்டில் ஏறும்போது பின்னால் டிங் என்று ஒரு சத்தம். வண்டியின் பின்பக்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. பெல்ட் கிறீச்சிட்டு நின்றது. நான் மூக்கால் பனியில் இறங்கினேன்.

சிக்னே மெல்ல நடந்து வந்து, முதலில் போல்ட்டைத்தான் பொறுக்கினாள்.

"இத முடுக்கினியா?"

"முடுக்காம? நாலையும் முடுக்கினேன் அம்மணி. நல்லா ஞாபகம் இருக்கு."

"எப்போ?"

"நாலும் கை டைட் வெச்சப்புறம். ஸ்பேனர எடுத்தேன், அப்புறம்..."

அப்புறம் காபி. மூக்கிலிருந்து பனியைத் துடைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். முடுக்கிய ஞாபகம் எனக்கு உண்மையிலேயே இருந்தது. ஸ்பேனரின் கனம் கூடக் கையில் இருந்தது. அத்தனையும் பொய். மாரித் காலையில் சொன்னது இதைத்தான். ஆனால் சிக்னேயின் முகத்தில், எரிந்த வீட்டுக்குள் நுழையும்போது வருகிற வெளிச்சம் வந்துவிட்டது.

"நாலும் கை டைட்ல இருக்கும்போது இந்த ஊர்ல ஒருத்தர் வேலைய விட்டுட்டுப் போவாங்கன்னா அது எதுக்கு? ஒண்ணே ஒண்ணுக்குத்தான். அதுக்குப் போகவே போகாத ஒரே ஆள் யாரு?"

மாரித்தைச் சந்தேகப்பட ஊருக்கு எது காரணமாக இருந்ததோ, அதுவே அவளை வெளியே கொண்டுவந்துவிட்டது. நான் எழுந்து நின்றேன். சிக்னே என் பேன்ட்டைக் காட்டினாள். முட்டி இரண்டிலும் நூல் அப்பியிருந்தது. சிவப்பும் மஞ்சளும். அவள் புகையிலை டப்பாவைத் திறந்து என் முட்டிக்குப் பக்கத்தில் பிடித்தாள். ஒன்று கொஞ்சம் ஈரமாக இருந்தது, மற்றபடி அண்ணன் தம்பி.

சாய்ந்து நின்ற வண்டியை அப்படியே விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு ஓடினோம்.

சங்கக் கட்டடத்தில் நாற்காலியெல்லாம் நிறைந்திருந்தது. மேசை நடுவில் போன், அதில் ஒலியைக் கூட்டி வைத்து இன்ஷூரன்ஸ்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். மாரித் முன்வரிசையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். மீட்பு வண்டிகளின் சாவிக்கொத்தை அவளே கொண்டுவந்து மேசை மேல் வைத்திருந்தாள். வெர்னர் தொண்டையைச் செருமிக்கொண்டு, துப்பறிவாளர்கள் வந்துவிட்டார்கள், அவர்கள் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்பதைச் சொல்லிவிட்டால் மேலே போகலாம் என்றார்.

சிக்னே டப்பாவிலிருந்து நூலை எடுத்து மேசை மேல் வைத்தாள். விபத்தான வண்டியின் வலப்பக்கத்தில் இருந்தது, இது யாருக்காவது தெரிகிறதா என்று கேட்டாள். வெர்னர் வாயைத் திறப்பதற்குள் ஐனா எழுந்து வந்து பார்த்துவிட்டாள்.

"இது நான் நெய்ஞ்ச விரிப்பாச்சே. சிவப்பு எங்கம்மா பாவாட, மஞ்ச பழைய திரச்சீல. கராஜ்ல கெடக்குமே."

கூட்டத்தில் ஒரு நாற்காலி முனகியது. சிக்னே அவசரப்படவில்லை. வெர்னரின் வண்டியில் பட்டிகள் தேய்ந்து கிடப்பதைச் சொன்னாள். அந்த வண்டி மலைக் குடில் வரை போய் மச்சானின் புது வண்டியைத் தோற்கடிக்க வேண்டுமென்றால் புது சஸ்பென்ஷனை யாரிடமாவது இரவல் வாங்கியிருக்க வேண்டும். கொட்டகையின் சாவி தலைவரிடம் இருக்கிறது, மீட்பு வண்டியையே தன் கராஜுக்குக் கொண்டுபோயிருக்கிறார். வெள்ளிக்கிழமை கழற்றியது ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போயிருக்கிறது. விறகு இருப்பதால் அந்தக் கராஜில் வலப்பக்கம்தான் சாய்க்க முடியும்.

"வெர்னர் ஞாயித்துக்கிழம கராஜ்ல இருந்தப்போ நீங்க காபிக்குக் கூப்பிட்டீங்களா ஐனா?"

"ஆமா, கூப்பிடாம?" என்ற ஐனா, புருஷனைப் பார்த்தாள். அதன்பிறகு அவள் உட்காரவில்லை.

நான் முடுக்கினேன் என்றார் வெர்னர். வண்டியை எடுத்தது தப்புதான், மச்சான் ரொம்பப் பீற்றிக்கொண்டான், ஆனால் போல்ட்டை முடுக்கினேன், சத்தியமாக ஞாபகம் இருக்கிறது, அதனால்தான் மாரித் போட்ட சாமானில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன் என்றார். அப்போது சிக்னே என்னை எழுந்து நிற்கச் சொன்னாள். நின்றேன். மூக்கு சிவந்து வீங்கியிருந்தது. இன்று மத்தியானம் அதே கராஜில், அதே விரிப்பில், அதே காபிக்குப் போய்விட்டு வந்து, இவனும் சத்தியம் செய்தான் என்றாள். என் முட்டாள்தனம் சாட்சியாக ஏற்றுக்கொள்ளப்பட்டது என் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் உறைத்தது. ஊரில் போலீஸ் இருக்கிறது, பக்கத்து நகரத்தில் நிபுணர்கள் இருக்கிறார்கள், அத்தனை பேரையும் விட்டுவிட்டு இந்த மனுஷன் எங்களை ஏன் அமர்த்தினார்? சாவியைத் தரும் முன் என் முகத்தை ஏன் அப்படிப் பார்த்தார்? நான்கு அத்தியாயங்களாக நாங்கள் அவருடைய நம்பிக்கையைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறோம். எனக்கு வந்த கோபத்தில் பாதி அவர் மேல், பாதி அவர் கணிப்பு சரியாக இருந்ததன் மேல்.

சிக்னே மேசையைச் சுற்றிப் போய் அவர் எதிரில் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"ஸ்பேனர கையில எடுக்கறதுக்கு முன்னாடியே காபிக்குப் போயிட்டீங்க. இந்த ஒரு வாரமா அது உங்களுக்குத் தெரியும். அப்படித்தானே வெர்னர்?"

வெர்னர் மாரித்தைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் உதடு குவிந்தது.

ஷுப்.

பிறகு போனிலிருந்து இன்ஷூரன்ஸ்காரரின் குரல் வந்தது. "ஹலோ? அவர் பதிலே சொல்லலையே. ஒத்துக்கிட்டாரா?"

சங்கம் மொத்தமும், ஐனாவும் சேர்ந்து, ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தது. மேசை மேல் இருந்த நூல் கூட ஆடிய மாதிரி எனக்குப் பட்டது.

"என்னங்க சத்தம்? கதவு ஏதாவது தெறந்திருக்கா?" என்றார் அவர்.

மாரித் எழுந்தாள். சாவிக்கொத்தை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். போனுக்கு மேல் குனிந்து, எங்கள் ஊரில் யாரும் பேசாத அளவுக்கு வாயை நன்றாகத் திறந்து, தெளிவாகப் பேசினாள்.

"அவர் ஆமான்னு சொன்னாரு. அன்னைக்கு நானும் இதையேதான் சொன்னேன். மூணு தடவ கேட்டீங்க, மூணு தடவயும் ஆமான்னு சொன்னேன்."

கூட்டம் போனையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்த முறை பதில் சொல்லாதவர் அவர்தான்.